ஐந்தாவது முயற்சி

எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் நான் ஆடிய காலத்தைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்த ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டு எழுதலாமா என்றே முதலில் யோசித்தேன். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள் இருக்கையில், 1–1 என்ற நிலையில், கோர்னரிலிருந்து வந்த பந்து என் முன்கையில் பட்டு வலைக்குள் போனது. நடுவரின் பார்வையை மூன்று பேர் மறைத்து நின்றார்கள். அவர் விசிலை ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார். எதிரணியின் கோல்காப்பாளர் மட்டும் தன் முன்கையைத் தட்டித் தட்டிக் காட்டியபடி என்னையே பார்த்தார். நான் குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்.

பிற்காலத்தில் மேற்படிப்புக்காக நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்காவுக்குப் போனபோதுதான், அங்குள்ள கோர்னெல் பல்கலைக்கழக அணியின் 1940ஆம் ஆண்டுக் கதை என் காதில் விழுந்தது. பந்தைக் கையால் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறவோ புள்ளி எடுக்கவோ தவறினால், பந்து எதிரணிக்குப் போய்விடும். நவம்பர் 16, சனிக்கிழமை, 18 ஆட்டங்களாகத் தோல்வியறியாத கோர்னெல், டார்ட்மத் கல்லூரியிடம் 0–3 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிக் கணங்களில் நான்காவது முயற்சியும் வீணானபோது, நடுவர் ரெட் ஃபிரீசல் எண்ணிக்கையில் தவறி இன்னுமொரு முயற்சியை அளித்துவிட்டார். அதில் வால்ட்டர் ஷோல் எறிந்த பந்தை வில்லியம் மர்ஃபி பிடிக்க, ஆட்டம் 7–3 என முடிந்தது. பயிற்றுநர் கார்ல் ஸ்னேவ்லி, தம் பையன்களின் பிழைகளைத் திருத்துவதற்காக ஆட்டங்களைப் படம்பிடித்து ஆராயும் வழக்கமுடையவர். அந்தப் படச்சுருளே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. திங்கட்கிழமை கோர்னெல் தந்தியடித்து வெற்றியைக் கையளித்தது. டார்ட்மத் ஏற்றுக்கொள்ள, முடிவு 3–0 என்றாயிற்று. அடுத்த வாரம் பென்சில்வேனியாவிடமும் கோர்னெல் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே தவறு 1990 ஒக்டோபர் 6ஆம் திகதி மிசூரியிலும் நடந்தது. ஐந்தாவது முயற்சியில் 33–31 என வென்ற கொலராடோ அணி வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை; அதன் பயிற்றுநர் பில் மெக்கார்ட்னி மிசூரியின் பழைய மாணவர் என்பது வேறு கதை. ஆயினும் கொலராடோ வீரர்களை நான் குறைசொல்ல மாட்டேன். முயற்சியின் எண்ணைக் காட்டும் கம்பம் ஒன்று குறைவாகக் காட்டியதாலேயே, சார்ள்ஸ் ஜோன்சன் நான்காவது முயற்சியில் கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தை வேண்டுமென்றே நிலத்தில் அடித்தார். உண்மையான எண் தெரிந்திருந்தால் அவர் அவ்வாறு செய்திருக்கவே மாட்டார்.

என்னை எந்தக் கம்பமும் ஏமாற்றவில்லை. ஆட்டத்தின் பதற்றத்தில் வாய் திறக்கவில்லை என்று நெடுங்காலம் எனக்கே சமாதானம் சொல்லிவந்தேன். ஆனால் எங்களுக்கும் ஒரு திங்கட்கிழமை இருந்தது. காலைக் கூட்டத்தில் அதிபர் முடிவை வாசித்து என் பெயரைச் சொன்னபோது, நான் மேடைக்கு ஏறிப் போய்க் கைகுலுக்கினேன். இம்மலரின் வெற்றிப் பட்டியலில் அந்த ஆட்டம் 2–1 என்றே இருக்கிறது. மெய்ப்புப் பார்க்கும்படி அனுப்பியிருந்தார்கள், திருத்தம் எதுவுமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.