தகடு இருந்தும் இல்லாமல் போன கதை: எங்கள் விறகடுப்பும் காப்புறுதியும்

போன ஐப்பசியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவை விட்டு, ஒன்ராறியோவிலேயே பாரி நகருக்கு வடக்கே ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனோம். வரவேற்பறையில் நல்ல கனமான இரும்பு விறகடுப்பு. அதைப் பார்த்துத்தான் மனைவி வீட்டுக்கே சம்மதித்தாள். குடிபோய் நாலாம் நாள் காப்புறுதி நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல்: 30 நாளுக்குள் வெட் (WETT) பரிசோதனை அறிக்கை, அதாவது விறகடுப்பும் புகைபோக்கியும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்று பார்த்து எழுதும் அறிக்கை, வராவிட்டால் காப்புறுதி ரத்து. அதுவரை அடுப்பு மூட்டக் கூடாது.

வீட்டு முகவர் “விற்றவர் தந்த அறிக்கை இருக்குதானே, அதையே அனுப்புங்கோ அண்ணை” என்றார். அனுப்பினேன். எட்டு நாள் பதில் இல்லை. தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், அந்த அறிக்கை மிகப் பழசு, புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எட்டு நாள் மிச்சம்.

முதலாவது பரிசோதகர் வந்தார். நான் அரை நாள் லீவு. அவர் டோர்ச் அடித்து அடுப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார், பக்கங்களைப் பார்த்தார். “தகடு இல்லை” என்றார். அடுப்பு எந்தத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கும். தகடு இல்லையென்றால் தரச்சான்று இல்லாத அடுப்பாகவே கணக்கு; எரியக்கூடிய சுவரிலிருந்து 48 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். எங்களுடையது 22 அங்குலத்தில் நின்றது. இருபது நிமிடத்தில் “தேறவில்லை” என்று எழுதிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்குப் புது அடுப்பு வாங்கச் சொன்னார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கைவிளக்கோடு போய் அடுப்பின் பின்னால் படுத்துக்கொண்டு கையால் தடவிப் பார்த்தேன். கீழ் மூலையில், உள்ளங்கை அளவில், ஒரு இடம் மட்டும் சற்றுப் புடைத்திருந்தது. நாலு மூலையிலும் ஆணித்தலை. யாரோ முன்பு அடுப்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தபோது தகட்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள்! மெல்லிய இரும்பு நாரால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, முதலில் ஒரு ‘யூ’, அப்புறம் ‘எல்’, ‘சி’ என்று வெள்ளியாக எழுத்து எழும்பி வந்தது. யூஎல்சி எஸ்627 (ULC S627), கனடாவில் விறகடுப்புக்கான பாதுகாப்புத் தரம். பின்சுவருக்கு 16 அங்குலம் போதும் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். (உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் ஒரு கவனம்: எங்கள் தகட்டில் எழுத்து அமுக்கிப் பதித்தது. அச்சிட்ட எழுத்தாக இருந்தால் தேய்க்கும்போது பெயின்ட்டோடு போய்விடும். முதலில் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் தேய்த்துப் பாருங்கள்.)

இடையில் காப்புறுதிப் பெண்மணி, அடுப்பு பூட்டியபோது எடுத்த கட்டட அனுமதியும் வேண்டும் என்றார். நகரசபைக்குப் போனேன். பழைய கோப்புகள் வேறு கட்டடத்தில், எழுதிக் கொடுத்தால் இரண்டு கிழமையில் தேடித் தருவோம் என்றார்கள். ஒரு நாள் வீண். கடைசியில் அந்தக் கடதாசி இல்லாமலே வேலை முடிந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பரிசோதகர் வயதானவர், புகைபோக்கி துடைப்பதும் அவர் தொழில். தகட்டைப் படம் எடுத்தார். அதோடு விடவில்லை. அடுப்பையும் புகைபோக்கியையும் இணைக்கும் குழாயின் பொருத்துகளில் பழுப்பு நிறத்தில் வழிந்து காய்ந்திருந்ததைக் காட்டினார். குழாயைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். நெளித்துக் குறுக்கிய முனை அடுப்பைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டுமாம். அப்போதுதான் உள்ளே வழியும் கிரியோசோட் (விறகுப் புகை குளிர்ந்து படியும் தார் போன்ற கசடு) அடுப்புக்குள்ளேயே திரும்பி விழும். ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று திருகாணி வேண்டும், எங்களுக்கு ஒன்று. கதவுக்கு முன்னால் நெருப்புப் பிடிக்காத தளம் 18 அங்குலம் வேண்டிய இடத்தில் 12தான். புகைபோக்கிக்குள் தூரிகை விட்டதும் அரை வாளி கரி விழுந்தது, சில துண்டுகள் கண்ணாடி போல மினுங்கின. மினுங்குவதுதான் ஆபத்து, புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்க வைப்பது அதுதான் என்றார். படிவு 3 மில்லிமீற்றர் ஆனாலே துடைக்கச் சொன்னார். முதலாமவர் தகட்டைக் கண்டு “சரி” என்று எழுதியிருந்தால் அந்தக் கரியோடுதான் மூட்டியிருப்போம்.

குழாய், தளம் இரண்டும் ஒரே சனிக்கிழமையில் முடிந்தது. 27ஆம் நாள் அறிக்கை போனது, 29ஆம் நாள் காப்புறுதி உறுதியானது.

மூட்டிய முதல் நாளே இன்னொரு பாடம். மனைவி குசினியில் மீன் பொரிக்க, புகை உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில். சாத்திய வீடு, காற்று வர வழியில்லை. விசிறி புகைபோக்கி வழியாகவே காற்றை இழுத்துவிட்டது. வரவேற்பறை முழுக்கப் புகை, காபன் மொனொக்சைட் அலாரம் அலறியது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு விசிறியை நிறுத்தி, யன்னல்களைத் திறந்தேன். இப்படி அடுப்பு உள்ள வீடுகளில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இந்த அலாரம் ஒன்ராறியோவில் 2014இலிருந்து சட்டப்படி கட்டாயம். பற்றரியை உடனே பாருங்கள். இப்போது அடுப்பு எரியும்போது விசிறியைக் குறைவாகப் போட்டு, ஒரு யன்னலை விரலளவு திறந்து வைக்கிறோம்.

அடுத்தது அடுப்புக் கதவின் கண்ணாடி. ஒவ்வொரு காலையும் கறுத்துக் கிடந்தது. கதவு இறுக்கமாக மூட அதன் ஓரத்தில் பதித்திருக்கும் கயிறு தேய்ந்ததோ என்று அடுப்பு ஆறியபின் ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இறுக்கமாகத்தான் இருந்தது. குற்றம் விறகில். “காய்ந்த மேப்பிள்” என்று விற்ற கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்தினால் 31 சதவீதம். 20க்குக் கீழே இருக்க வேண்டும். வெளிப்பக்கம் குத்தினால் 18 காட்டும், ஏமாறாதீர்கள். அந்த விறகை அடுத்த வருடத்துக்கு அடுக்கிவிட்டு வேறு வாங்கினேன்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே சீமெந்துத் தரையில்தான் வைக்கிறோம், மரத் திண்ணையில் இல்லை. மூன்றாம் நாள் கிளறினாலும் உள்ளே ஒரு கண் சிவப்பாகத் தெரிகிறது.

இன்று காலை கண்ணாடியில் விளிம்போரம் மட்டும் மெல்லிய சாம்பல் நிறம். ஈரத்துணியால் ஒரே துடைப்பில் போய்விட்டது.