சௌனியில் ஒரு பகல்: நேபாளத்துப் பழைய துப்பாக்கிகளைப் பார்க்கப் போன கதை

முதலில் டாக்ஸி. காட்மாண்டுவின் தமேல் பகுதியிலிருந்து, நேபாளத்தின் தேசிய அருங்காட்சியகம் இருக்கும் சௌனிக்குப் போக 1000 நேபாள ரூபாய் வாங்கிவிட்டார் ஓட்டுநர். நம் பணத்தில் 625 ரூபாய். மீட்டர் போடச் சொன்னால் கெட்டுப்போயிருக்கிறதாம். திரும்பும்போது அதே தூரத்துக்கு இன்னொருவர் 500தான் வாங்கினார். சுயம்புநாத் குன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நடந்தே போய்விடுங்கள். அந்தக் காசில் இரண்டு வேளை சாப்பிடலாம்.

சரி, நான் போனது துப்பாக்கிக்காக. காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்றொரு பழைய அரண்மனை, ராணுவத்தின் ஆயுதக் கிடங்காக இருந்தது. புதுத் துப்பாக்கி வந்தால் பழையதை உருக்காமல் உள்ளே அடுக்கிவிடுவார்கள். பிரவுன் பெஸ், பிரன்ஸ்விக், ஸ்னைடர், மார்ட்டினி ஹென்றி என்று பிரிட்டிஷ் ராணுவ வகைத் துப்பாக்கிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்துகொண்டே போனது. 2003இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல்!

அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் அதில் ஒன்றை வாங்கினார். 1898 வரை செய்த துப்பாக்கி அந்நாட்டு மத்தியச் சட்டப்படி பழம்பொருள்தான், அதனால் உரிமத் தொல்லை இல்லை. அவர் வாங்கியது ககேந்திரா. பார்க்க மார்ட்டினி மாதிரியே இருக்கும், உள்ளே வேறு. மார்ட்டினியில் சுருள் வில், இதில் தட்டையான பட்டை வில். அப்போது நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்து ககேந்திர சம்சேர் வடிவமைத்து நேபாளத்திலேயே கையால் செய்தது.

கழுவாத சரக்காகவே கேட்டு வாங்கியிருந்தார். கறுத்து இறுகிய பழைய கிரீஸை டர்பன்டைன் நனைத்த துணியால் மூன்று இரவு துடைத்தார். மூன்றாம் இரவு வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, “இந்த எண்ணைப் படிச்சுச் சொல்லுடா” என்றார். தேவநாகரியில் மூன்று, ஒன்பது, இரண்டு. ஒவ்வொரு பாகத்தையும் அராவிப் பொருத்தியதால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது, அதற்குத்தான் இந்த எண். ஒரே ஒரு பாகத்தில் மட்டும் வேறு எண் இருந்தது. எவனோ ஒரு கொல்லன் இன்னொரு துப்பாக்கியிலிருந்து கழற்றி, அராவி, இதில் உட்கார வைத்திருக்கிறான். நண்பருக்குப் பேச்சே வரவில்லை. எனக்கும்தான்.

அன்றே முடிவு செய்தேன், சௌனிக்குப் போவதென்று.

அருங்காட்சியகத்தில் பீரா என்ற இயந்திரத் துப்பாக்கி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். இரட்டைக் குழல், மேலே பெரிய வட்டத் தோட்டாப் பெட்டி, சுற்றிச் சுட ஒரு கைப்பிடி. இதுவும் ககேந்திர சம்சேர் செய்ததுதான், பெயர் அவருடைய அப்பா பீர் சம்சேருடையது. 1792 திபெத் போரில் பிடித்த தோல் பீரங்கியும் அங்கே இருக்கிறது. தோலில் பீரங்கி! நேரில் பார்க்காமல் நம்ப மாட்டீர்கள்.

சேகரிப்பவர்களோடு பேசினால் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகவே வரும். கிடங்கிலேயே கிடந்திருந்தால் துருப்பிடித்து மண்ணாகியிருக்கும், விற்றதால்தான் பிழைத்தது என்பார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் தோளில் தொங்கியது, எந்தப் படைப்பிரிவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட நண்பரின் துப்பாக்கியோடு வரவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை. இன்னொன்று, மரத்தைத் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடிக்கிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் கொல்லனின் அராவல் கீறலையும் சேர்த்துத்தான் தேய்க்கிறீர்கள்.

வெளியே வந்து ஒரு சின்னக் கடையில் தால் பாத். குந்துருக் என்ற புளிக்கவைத்த கீரையின் புளிப்பு அபாரம், சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போட்டார் கடைக்கார தீதி, அதாவது அக்கா. டாக்ஸிக்காரர் மேல் இருந்த கோபம் அங்கேதான் தணிந்தது.

பீராவைப் படமெடுத்து நண்பருக்கு அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. உடனே பதில் வந்தது: “எண் தெரியுதா? கிட்டப் போய் எடு.”

அப்புறம், செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், தேசிய அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.