ஓர்க் மோட்: ஆல்ட் என்டரா, கொன்ட்ரோல் என்டரா?

ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியில், தலைப்புகளாகப் பிரித்துக் குறிப்பெழுத உதவும் ஓர்க் மோடில் புதுத் தலைப்புப் போட ஆல்ட் என்டரை அடி என்றுதான் எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் அந்த விசை வேலை செய்யும்.

‘* வெள்ளவத்தை கடை வாடகை’ என்றொரு தலைப்பு. கீழே முற்பணம், ஒப்பந்தத் திகதி என்று நாலு வரி. கர்சர் வரியின் தொடக்கத்தில் நின்றால் புதுத் தலைப்பு மேலே விழும். ‘வெள்ளவத்தை’க்குப் பின்னால் நின்றால் வரி இரண்டாக உடைந்து, ‘* கடை வாடகை’ தனித் தலைப்பாகிவிடும். தலைப்பு வரியின் கடைசியில் டேக் (அடையாளச் சொல்) இருந்தால் அது பழைய தலைப்போடேயே நிற்கும். வரி முடிவில் நின்று அடிப்பதுதான் மோசம். புதுத் தலைப்பு அடுத்த வரியிலேயே நுழைவதால், அந்த நாலு வரியும் சத்தமில்லாமல் அதற்குச் சொந்தமாகிவிடும். புதுத் தலைப்பு ‘பம்பலப்பிட்டி’ என்றால், வெள்ளவத்தை வாடகை விபரம் அதன் கீழ் கிடப்பது பிறகு தேடும்போதுதான் தெரியவரும்.

இதற்கு மருந்து கொன்ட்ரோல் என்டர். கர்சர் எங்கே நின்றாலும், உள்ளடக்கம், உபதலைப்புகள் எல்லாவற்றையும் தாண்டி, அதே மட்டத்தில் புதியதைப் போடும். இரண்டிலும் ஷிஃப்டைச் சேர்த்தால் தலைப்பு டூடூவோடு (செய்யவேண்டிய வேலை என்ற குறியோடு) வரும். உபதலைப்பு வேண்டுமானால், எழுத்து எதுவும் அடிக்காத புதுத் தலைப்பில் டாப்பை ஒருமுறை தட்டுங்கள், ஒரு மட்டம் உள்ளே போகும். தொடர்ந்து தட்டினால் ஒவ்வொரு மட்டமாக வெளியே வந்து, கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பும்.

வரி உடைவது மட்டும்தான் எரிச்சல் என்றால் ‘ஓர்க்-எம்-ரெட்-மே-ஸ்ப்ளிட்-லைன்’ என்ற அமைப்பு மாறியை ‘நில்’ (இல்லை என்ற மதிப்பு) ஆக்கினால் போதும். ஆல்ட் என்டரே கொன்ட்ரோல் என்டர் மாதிரி நடக்கவேண்டுமென்றால் ‘ஓர்க்-இன்சேர்ட்-ஹெடிங்-ரெஸ்பெக்ட்-கொன்டென்ட்’டை ‘டி’ (ஆம் என்ற மதிப்பு) ஆக்குங்கள். என் கருத்தில் இரண்டாவது தேவையில்லை. நீளமான பந்தியை நடுவில் வெட்டித் தலைப்பாக்க ஆல்ட் என்டரைப்போல வசதி வேறில்லை.

ஈமாக்ஸைத் தனிச் சாளரத்தில் அல்லாமல் டெர்மினலில் (கட்டளை வரித் திரையில்) ஓட்டினால் கதை வேறு. பெரும்பாலானவற்றில் கொன்ட்ரோல் என்டரும் வெறும் என்டரும் ஒரே குறியீடாகத்தான் போய்ச் சேரும். ஈமாக்ஸுக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே கொன்ட்ரோல் யு அடித்துப் பிறகு ஆல்ட் என்டர் அடித்தால் அதே பலன். விண்டோஸ் டெர்மினல் ஆல்ட் என்டரைப் பிடுங்கித் திரையை முழுதாக விரித்துவிடும். எஸ்கேப்பைத் தட்டிக் கையை எடுத்துவிட்டு என்டர் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

கொழும்பில் ஒரே கணினியில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் மாறிமாறி ஓடும். லினக்ஸில் விசைப்பலகை தமிழில் நின்றால் கொன்ட்ரோல் சியில் தொடங்கும் கட்டளைகள் படுத்துவிடும்; ஈமாக்ஸுக்குப் போவது சி அல்ல, அந்த விசையிலுள்ள தமிழ் எழுத்து. என்டருக்கும் டாப்புக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஈமாக்ஸுக்குள் கொன்ட்ரோல் பின்சாய்கோட்டை அடித்து ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தமிழை அடிக்கும் ‘தமிழ்-ஐட்ரான்ஸ்’ உள்ளீட்டு முறையைத் தெரிவு செய்யுங்கள். அதன்பின் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற அதே விசைதான்.