ஏ.பி. அமெரிக்க அரசாங்கப் பாடம்: எதில் நேரம் போடலாம், எதை விட்டுவிடலாம்

பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்துவிட்டு டெக்சஸுக்கு வந்தவன் நான். இங்கே பள்ளியின் கடைசி வருடத்தில் ஏ.பி. (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் பாடத்தை எடுத்தேன். தேர்வில் 5 வந்தது, அதுதான் அதிகபட்சம். இப்போது எடுக்கப்போகும் சிலர் எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். குறிப்பாக நம் ஊர்க் குடிமையியலைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாடாளுமன்ற ஆட்சிமுறையைத் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். நமக்குச் சபையில் பெரும்பான்மை இருப்பவர்தான் ஆட்சி அமைப்பார், அது போனால் ஆட்சியும் போகும். அமெரிக்காவில் அந்த முடிச்சே கிடையாது. அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரண்டு சபைகளான பிரதிநிதிகள் சபையும் செனட்டும் எதிர்க்கட்சி கையில் என்று பல வருடங்கள் ஓடியிருக்கின்றன. அதிபர் கேட்ட மசோதா தோற்றாலும் அவர் பாட்டுக்குப் பதவியில் இருப்பார். நம் ஊரில் அமைச்சர் சபை உறுப்பினராக இருந்தாக வேண்டும். இங்கே காங்கிரஸ் உறுப்பினர் அமைச்சராக வேண்டும் என்றால் முதலில் காங்கிரஸை விட்டு விலக வேண்டும். அதிபரைப் பதவி நீக்கம் செய்யப் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டலாம், ஆனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை ஒருவர்கூட அப்படிப் பதவி இழந்ததில்லை.

அதனால் எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இதை யார் செய்யலாம், யார் தடுக்கலாம்? காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் வீட்டோ போட்டுத் தடுக்கலாம், இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை முறியடிக்கலாம். நீதிபதியை அதிபர் முன்மொழியலாம், செனட் மறுக்கலாம். செனட்டில் மசோதா மீதான விவாதத்தை இழுத்துக்கொண்டே போகிறவர்களை நிறுத்த 60 வாக்கு வேண்டும். இந்த 60 அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கேயும் இல்லை, செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. எது சட்டத்தில் இருக்கிறது, எது பழக்கத்தில் வந்தது என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் பாதிப் பாடம் தானாகவே மனதில் நிற்கும்.

தேர்வு இரண்டு பகுதி. 80 நிமிடத்தில் 55 மல்டிபிள் சாய்ஸ், 100 நிமிடத்தில் எழுதிப் பதில் சொல்லும் 4 கேள்விகள்: ஒரு சூழலைத் தந்து கேட்பது, வரைபடத்தைத் தந்து கேட்பது, வழக்கு ஒப்பீடு, கட்டுரை. இரண்டுக்கும் பாதிப் பாதி மதிப்பு.

படிக்க வேண்டிய அடிப்படை ஆவணங்கள் ஒன்பது. அரசியலமைப்புச் சட்டத்தை மூலத்திலேயே படியுங்கள். இந்தியாவுடையது போலப் பெரிய புத்தகமில்லை, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். மற்றவற்றில் ஃபெடரலிஸ்ட் 10-ஐயும் புரூட்டஸ் 1-ஐயும் ஜோடியாகப் படிப்பது நல்லது; புதிய அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்கலாமா என்ற விவாதத்தில் முதலாவது ஆதரித்தும் இரண்டாவது எதிர்த்தும் எழுதிய கட்டுரைகள். இவ்வளவு பெரிய நாட்டை ஒரே மக்களாட்சியாக நடத்த முடியாது, மத்திய அரசு மாநிலங்களை விழுங்கிவிடும் என்கிறார் புரூட்டஸ். நாடு பெரிதாக இருந்தால்தான் எந்த ஒரு கோஷ்டியும் மற்றவர்களை நசுக்க முடியாது என்கிறார் ஃபெடரலிஸ்ட் 10-ஐ எழுதிய மேடிசன். இருவருமே 1787-ல் எழுதினார்கள். இன்றைக்கும் சண்டை அதுதான்.

பாடத்திட்டத்தில் உள்ள உச்ச நீதிமன்ற வழக்குகளில்தான் நான் அதிக நேரம் போட்டேன். வருடத்தையும், எத்தனை நீதிபதி எந்தப் பக்கம் என்பதையும் உருப்போடுவது வீண் வேலை. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு அட்டையில் மூன்று வரி போதும்: என்ன நடந்தது, எந்த ஷரத்து, நீதிமன்றம் சொன்ன காரணம் என்ன. உதாரணத்துக்கு மெக்கல்லக் எதிர் மேரிலாந்து. காங்கிரஸ் 1816-ல் ஒரு தேசிய வங்கியை ஆரம்பித்தது. மேரிலாந்து மாநிலம் அதற்கு வரி போட்டது. பால்டிமோர் கிளையின் காசாளர் மெக்கல்லக் வரி கட்ட மறுத்துவிட்டார். வங்கி தொடங்கலாம் என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று மேரிலாந்து கேட்டது. எழுதப்பட்ட அதிகாரங்களை நிறைவேற்றத் தேவையான, பொருத்தமான சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம் என்ற ஷரத்தைக் காட்டி, வங்கி செல்லும், மாநிலம் அதற்கு வரி போட முடியாது என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்.

இதற்குப் பக்கத்திலேயே லோபஸ் வழக்கை வையுங்கள். எங்கள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தான். பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1990-ஆம் வருட மத்தியச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. துப்பாக்கியால் வன்முறை, வன்முறையால் படிப்பு கெடும், படிப்பு கெட்டால் பொருளாதாரம் கெடும், ஆகவே இது காங்கிரஸ் சட்டம் போடக்கூடிய, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்று மத்திய அரசு வாதாடியது. இப்படி இழுத்தால் எதைத்தான் வணிகம் என்று சொல்ல முடியாது? 1995-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மெக்கல்லக்கில் மத்திய அரசின் கை நீண்டது, லோபஸில் அந்தக் கைக்கு ஒரு எல்லை விழுந்தது. கூட்டாட்சி பற்றிய கேள்வி எப்படி வந்தாலும் இந்த இரண்டையும் வைத்துச் சமாளிக்கலாம்.

வழக்கு ஒப்பீட்டுக் கேள்வியில் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வழக்கின் சுருக்கம் தருவார்கள். உங்களுக்குத் தெரிந்த வழக்கின் விவரம் இருக்காது, அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். நான் பழகிப்பார்த்த ஜோடி ஒன்று: பாடத்திட்டத்தில் உள்ள டிங்கர், அதில் இல்லாத மோர்ஸ். டிங்கரில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்தார்கள், பள்ளி தண்டித்தது, மாணவர்கள் ஜெயித்தார்கள். மோர்ஸில் அலாஸ்காவில் ஒரு பள்ளி நிகழ்ச்சியின்போது போதைப்பொருளை ஆதரிப்பதாகத் தோன்றும் பதாகையை ஒரு மாணவர் விரித்தார், அங்கே பள்ளி ஜெயித்தது. ‘இரண்டும் பேச்சுரிமை வழக்குகள்’ என்று எழுதினால் முதல் புள்ளி கிடைக்கும், அதோடு சரி. பட்டை வகுப்பைக் குலைக்கவில்லை, அது அரசியல் கருத்து. பதாகை மாணவர்களைப் போதைக்கு அழைப்பதாக நீதிமன்றம் பார்த்தது. அதனால்தான் தீர்ப்பு மாறியது என்று இரண்டு சம்பவங்களையும் தீர்ப்போடு முடிச்சுப்போட்டு எழுத வேண்டும்.

வரைபடக் கேள்விக்குத் தனியாகப் படிக்க ஒன்றுமில்லை. தலைப்பையும் அலகையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், போதும்.

கட்டுரைக்கு 6 புள்ளி, சூழல் கேள்விக்கு 3 புள்ளிதான். ஆனால் மொத்த மதிப்பெண்ணில் நான்கு கேள்விக்கும் ஒரே எடை, தலைக்கு 12.5 சதவீதம். அதாவது சூழல் கேள்வியில் விடும் ஒரு புள்ளி கட்டுரையில் விடும் இரண்டு புள்ளிக்குச் சமம். கட்டுரைக்கு 40 நிமிடம் வைத்துக்கொண்டு மற்ற மூன்றுக்கும் இருபது இருபதாகக் கொடுங்கள். கட்டுரையின் முதல் பத்தியிலேயே எந்தப் பக்கம், ஏன் என்று சொல்லிவிட வேண்டும். ‘இரு தரப்பிலும் நியாயம் உண்டு’ என்ற பட்டிமன்றத் தீர்ப்பு இங்கே எடுபடாது. எதிர்த்தரப்பு வாதம் ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வலுவான மத்திய அரசை ஆதரித்து எழுதினால் புரூட்டஸ் அங்கே தயாராக நிற்கிறார்.

பழைய கேள்விகளும், உண்மையான மாணவர்களின் பதில்களும், அவற்றுக்குப் போட்ட புள்ளிகளும் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுப் புள்ளி வாங்கியதை விட, ஒரு புள்ளி குறைந்த பதில்களைப் பாருங்கள். டெக்சஸில் பல பள்ளிகளில் இது அரையாண்டுப் பாடம். ஆகஸ்டில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்துவிடும், தேர்வோ மே மாதம். அப்படி மாட்டுகிறவர்கள் வழக்கு அட்டைகளைத் தூக்கிப்போடாமல், பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு பழைய கேள்வியையாவது நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.