ஜிப்ஸிக்கு 4.16 லோ கியர் ஏற்றிய அனுபவம்

மாருதியின் ஜிப்ஸி கிங் ஜீப்பை வைத்துக்கொண்டு மண்ணிலும் பாறையிலும் ஓட்டுகிற பலரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். டயரைப் பெரிதாக்கியாச்சு, சஸ்பென்ஷனை உயர்த்தியாச்சு. ஆனாலும் செங்குத்தான மண்மேட்டில் ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலையில், முதல் கியர் போட்டும் கிளட்சைத் தேய்க்காமல் ஏற முடியவில்லை. இறங்குவது அதைவிட மோசம். என்ஜின் பிரேக் போதாமல் வண்டி தானாக வேகமெடுக்கும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுபோய் வண்டி வழுக்கும். 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் டார்க் (முறுக்கு விசை) 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் நிமிடத்துக்கு 4,500 சுற்றில்தான் முழுசாகக் கிடைக்கும். ஊர்ந்து போகும்போது அந்தச் சுற்று ஏது? இந்தக் குறையைக் கியரில்தான் சரிசெய்ய முடியும்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புவது ட்ரான்ஸ்ஃபர் கேஸ்; ஹை, லோ மாற்றுவதும் அதில்தான். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனிப் பெட்டியாக நடுவில் தொங்கும்; கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் அதற்கு வரும். உள்ளே செயின் கிடையாது, எல்லாமே பல்சக்கரம். அதனால் கியர்பாக்ஸைத் தொடாமல் இந்தப் பெட்டியை மட்டும் இறக்கி, உள்ளே வேறு பல்சக்கர செட் போட்டுவிடலாம். கம்பெனி விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268. இந்த எண் கூடினால் கியர் கீழே இறங்குகிறது என்று அர்த்தம்: இழுவை கூடும், வேகம் குறையும்.

நம் ஊரில் சுலபமாகத் தோன்றும் வழி, பழைய 1000 சிசி ஜிப்ஸியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸை சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடிப் பிடிப்பது. அதன் விகிதம் ஹையில் 1.58, லோவில் 2.511. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. அந்தப் பெட்டியில் ஹை 12 சதவீதம் கீழே போகும், லோ 11 சதவீதம் மட்டும். வெளிநாட்டில் இதே குடும்பத்து சுசுகி வண்டிகளுக்குச் செய்யும், லோ விகிதம் 4.16 ஆகிற செட்டிலும் ஹை ஏறக்குறைய அதே 12 சதவீதம்தான் இறங்கும்; லோ மட்டும் 83 சதவீதம் இறங்கும். நெடுஞ்சாலையில் விட்டுக்கொடுப்பது இரண்டிலும் ஒரே அளவு. பிறகு ஏன் 11 சதவீதத்தோடு நிற்க வேண்டும்?

அந்த 12 சதவீதமும் எனக்கு நஷ்டமில்லை. வண்டியோடு வந்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. இப்போது போட்டிருக்கும் 235/75 ஆர்15 சுமார் 733. டயர் கிட்டத்தட்ட 10 சதவீதம் வளர்ந்ததால் ஐந்தாவது கியர் வெறும் அலங்காரமாக இருந்தது. ஹை கொஞ்சம் இறங்கியதும் அது பழையபடி உபயோகத்துக்கு வந்துவிட்டது. டிஃபரன்ஷியலில் (சக்கர அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றுவது இன்னொரு வழி. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஹவுசிங்கையும் திறக்க வேண்டும், செலவும் இரண்டு மடங்கு, லோவுக்குக் கிடைப்பதோ ஹைக்குக் கிடைக்கும் அதே அளவுதான். என் தேவைக்கு அது ஒத்துவரவில்லை.

4.16 செட் கைக்கு வந்ததும் வேலைக்குத் திருவொற்றியூரைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த வண்டிகளை நம்பியே இங்கே கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பளபளவென்ற கார் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்காத ஹைட்ராலிக் பிரஸ்ஸும், பெரிய புல்லரும், கை சொல்வதைக் காது சரிபார்க்கிற அனுபவமும் இங்கே உண்டு. நான் போன ஷெட்டின் அண்ணன் ஜிப்ஸி பெட்டியைத் திறந்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சர்வீஸ் மேனுவலின் படங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்தார்.

"கியரு புச்சா இருந்தா மட்டும் போதுமா தம்பி? பேரிங்கு பழ்சு. ஆறு மாசத்துல ஊளையிடும்" என்றார். பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவரச் சொல்லி, எண்களை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். பாரிமுனையில் பேரிங் கடை ஏறி இறங்கி வாங்கினேன். வேலையிலேயே மிகச் சரியான முடிவு இதுதான் என்பது என் எண்ணம்.

பெட்டியை இறக்குவதில் பெரிய சூட்சுமம் இல்லை. ஆயிலை வடித்து, மூன்று ஷாஃப்ட்டையும் இணைக்கும் ஃபிளேஞ்ச் தட்டுகளிலும் பெயின்ட்டால் குறி போட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளையும் ஃபோர் வீல் சுவிட்ச் ஒயரையும் லீவரையும் எடுத்துவிட்டால் மூன்று மவுன்ட் மட்டும் மிச்சம். கடற்கரைக் காற்றில் வளர்ந்த வண்டி என்பதால் போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தது உதவியது.

உள்ளே போன பிறகுதான் பொறுமைக்கு வேலை. கவுன்டர் கியர் ஊசி பேரிங்கின் மேல் சுற்றுகிறது. இரண்டு பக்கமும், கியர் பக்கவாட்டில் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர். வாஷரில் சின்ன மூக்கு ஒன்று, கேஸில் அதற்கொரு பள்ளம். கிரீஸ் தடவி வாஷரை ஒட்டவைத்து, கியரை உள்ளே இறக்கி, ஷாஃப்ட்டை வெளியிலிருந்து நுழைக்க வேண்டும். நடுவில் வாஷர் நழுவினால் மறுபடி முதலிலிருந்து. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மூக்கைத் தடவித் தடவி உட்காரவைத்தார். ஷிஃப்ட் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் அதே மாதிரிதான். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் ஒட்டி வைக்காவிட்டால் பிறகு லீவர் விழும் இடமே மாறிவிடும்.

புது செட்டின் லோ கியர் பெரிது. கையால் சுற்றிப் பார்த்தபோது ஒரே ஒரு இடத்தில் கேஸின் உட்சுவரை மெல்ல உரசியது. கேஸ் அலுமினியம், அவசரப்பட்டுக் குடைந்தால் சுவர் மெலிந்துவிடும். தண்டையார்பேட்டை லேத்துக்குக் கொண்டுபோனோம். பல்லின் முனையில் நீலம் தடவி, சுற்றி, அச்சு விழுந்த இடத்தை மட்டும் சின்ன கிரைண்டரால் தேய்த்தார்கள். மறுபடி நீலம், மறுபடி சுற்றல். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு தாராளமாக நுழையும்வரை இதே வேலை. அப்புறம் கேஸை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, மறுபடியும் கழுவினோம். அலுமினியத் தூள் ஒரு துளி மிச்சமிருந்தாலும் புது பேரிங்குக்கு அது எமன்.

மூடும்போது ஆயில் கசியாமலிருக்க அனபாண்ட் பசை மெல்லிசாக, ஒரே சீராக. மவுன்ட் ரப்பர் மூன்றும் புதிது. லோ இறங்க இறங்க கேஸை முறுக்கும் விசை ஏறும். பழைய ரப்பர் அதைத் தாங்காது. ஆயில் 80டபிள்யூ-90, சுமார் 0.8 லிட்டர், நிரப்பும் ஓட்டையின் விளிம்பு வரை. ஸ்பீடோமீட்டரைப் பற்றிப் பலர் கேட்டார்கள். அதற்கான கியர் பின்பக்கம் வெளியேறும் ஷாஃப்ட்டில் இருப்பதால் இந்த மாற்றம் அதைப் பாதிக்காது. டயர் மாற்றினால்தான் கணக்கு மாறும்.

ஃபோர் லோவைத் தார் ரோட்டில் சோதிக்கக் கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, திருப்பத்தில் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். பொன்னேரி பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில் மண் எடுத்த பள்ளம் இருக்கிறது, அங்கே போனோம். முதல் கியரில் என்ஜினிலிருந்து டிஃபரன்ஷியல் வரை முன்பு 8.28 மடங்காக இருந்த குறைப்பு இப்போது 15.19. சரிவின் விளிம்பில் லோ போட்டு, கிளட்சை முழுசாக விட்டு, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்தில் நடந்து வந்த நண்பர் வண்டிக்காக நின்று நின்று வர வேண்டியிருந்தது. ஒரு சக்கரம்கூட வழுக்கவில்லை. ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தாலே போதுமாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஹையில் 60க்கு மேல் மெல்லிய கியர் சத்தம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அது தொந்தரவில்லை. அமைதியான வண்டி வேண்டுமென்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இவ்வளவு இழுவை கையில் இருக்கும்போது மாட்டிக்கொண்ட சக்கரத்தை விட்டுக்கொடுக்காமல் முறுக்கினால் முதலில் உடைவது முன் ஆக்சிலின் ஜாயின்ட்டும் ஷாஃப்ட் கிராஸும்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் அழுத்தவே கூடாது. 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் மட்டும் இருந்தது, துணுக்கு எதுவும் இல்லை. அன்றே மவுன்ட் போல்ட்டுகளையும் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்கினோம். ஒரு மவுன்ட் போல்ட் கால் சுற்று வாங்கியது.