ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மேடிசன் போய் வந்த கதை

யூனிசைக்கிள், அதாவது ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டும் போட்டிக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் மேடிசனுக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் திரும்பி வந்தேன். தொடை இரண்டும் இன்னும் இறுகிப் போய்க் கிடக்கின்றன, இருந்தாலும் சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும். பயணம், தங்குமிடம், சாப்பாடு, போட்டி என்று வரிசையாகச் சொல்கிறேன். படித்துவிட்டு யாராவது ஒருவர் யூனிசைக்கிளோடு கிளம்பினால் எனக்குச் சந்தோஷம்.

முதலில் பஸ். சிகாகோவிலிருந்து மேடிசன் சுமார் 240 கிலோமீட்டர். கார் வாடகைக்கு எடுக்க மாணவன் பட்ஜெட் இடம் கொடுக்காது, அதனால் பஸ்தான் என்று முடிவு செய்து டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. ஏறப் போகும் நேரத்தில் டிரைவர் என் பையைப் பார்த்து, "இது சைக்கிள், இதற்கு 20 டாலர் தனி" என்றார். பெடலைக் கழற்றி, சீட்டை இறக்கி, ஒரு நடுத்தர சூட்கேஸ் அளவுக்குக் கட்டி வைத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஆள் உயரத்துக்கு ஒரு கோல்ஃப் பை வைத்திருந்தார், அதற்கு ஒரு பைசா கேட்கவில்லை. லக்கேஜ் விதியை மொபைலில் எடுத்துக் காட்டினேன். பெட்டியின் அளவு பற்றித்தான் அதில் இருந்தது, என் பை அந்த அளவுக்குள்தான் இருந்தது. "சைக்கிள் என்றால் சைக்கிள்தான், கட்டுகிறாயா, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறாயா" என்று கேட்டுவிட்டு அவர் கதவுப் பக்கம் போய்விட்டார். அடுத்த பஸ் வந்தால் மாலை நடக்கும் பதிவுக்குப் போய்ச் சேர முடியாது. கட்டினேன். ரசீதும் கிடையாது. இது சுத்தமான அநியாயம், எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இது அப்படித்தான் படுகிறது. போதாததற்கு ஏசி வேறு வேலை செய்யவில்லை, ஜூலை வெயிலில் வழி முழுக்க வெந்துகொண்டே போனேன்.

தங்கியது நண்பனுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில். ஹோட்டலுக்குக் கொடுத்திருந்தால் பட்ஜெட் அங்கேயே முடிந்திருக்கும். விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று சொன்னதுமே அந்த வீட்டு அக்கா பொடி தடவிய இட்லியை டப்பாவில் கட்டி வைத்துவிட்டார். "மத்தியானம் அங்க என்ன கிடைக்குமோ, எடுத்துட்டுப் போ தம்பி" என்றார். மைதானத்தில் இருந்த கடையில் சைவம் என்று கிடைத்தது உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும்தான், அந்த இட்லிதான் அன்றைக்கு என்னை ஓட்ட வைத்தது.

சரி, போட்டிக்கு வருகிறேன். வட அமெரிக்க யூனிசைக்கிள் சாம்பியன்ஷிப் என்பது இங்கே தேசியப் போட்டி மாதிரிதான். அமெரிக்க யூனிசைக்கிள் சங்கம் 1973-ல் ஆரம்பிக்கப்பட்டது, முதல் உலகப் போட்டி 1984-ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரத்தில் நடந்தது. நம் ஊரில் சர்க்கஸ் கூடாரத்தில் மட்டும் பார்த்த வண்டிக்கு இவ்வளவு பெரிய சரித்திரம் இருப்பதை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், தகுதிச் சுற்று எதுவும் இல்லை. பெயர் கொடுத்து, பணம் கட்டி, வயதுப் பிரிவில் நின்றுவிடலாம். உலகத் தரத்தில் ஓட்டுகிறவரும் என்னைப் போல வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவரும் ஒரே டிராக்கில் ஓட்டுகிறோம், இப்படி வேறு எந்த விளையாட்டில் நடக்கும்? பதிவுக் கட்டணம்தான் கையைக் கடித்தது. மாணவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும், இதை நான் அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

டிராக்கில் இறங்குவதற்கு முன் வண்டிச் சோதனை. 24 அங்குலச் சக்கரப் பிரிவில் டயரின் வெளிவிட்டம் 618 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கிராங்க், அதாவது பெடலைச் சக்கரத்தின் அச்சோடு இணைக்கும் தண்டின் நீளம் 125 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கியர் கிடையாது, பெடல் ஒரு சுற்று போனால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 1.94 மீட்டர். 100 மீட்டர் போக 51 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும். ஸ்வீடனின் பீட்டர் ரோசன்டால் 1994-ல் 100 மீட்டரை 12.11 விநாடியில் முடித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், விநாடிக்கு நாலு சுற்றுக்கும் மேல் வருகிறது!

சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண். அதிகாரி அச்சின் நடுவிலிருந்து பெடல் துளையின் நடுவரை அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிராங்க் நீளம் போதவில்லை. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற மினசோட்டாப் பெண் ஒருத்தி, இவள் வயதுதான், இவளோடு அதே பிரிவில் போட்டி போடப் போகிறவள், தன் பையைத் திறந்து ஒரு ஜோடி 125 கிராங்கை எடுத்து நீட்டினாள். கிராங்க் கழற்றும் கருவியும் அவளிடமே இருந்தது. இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து, போல்ட்டைக் கழற்றி, பழைய கிராங்கை இழுத்து எடுத்து, புதியதைத் தட்டி ஏற்றி, பெடலை மாட்டினார்கள். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து எனக்குள் இருந்த எரிச்சல் முழுக்க அப்போதுதான் இறங்கியது.

100 மீட்டரில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்த நிலையில் கிளம்ப வேண்டும். உடம்பை முன்னால் சாய்க்கலாம், டயர் கோட்டைத் தாண்டக் கூடாது. பீப் சத்தம் ஒன்றன் பின் ஒன்றாக வரும், கடைசியில் வரும் வேறு மாதிரியான சத்தத்துக்குத்தான் கிளம்ப வேண்டும். விழுந்தால் அவ்வளவுதான், திரும்ப ஏறி ஓட்ட அனுமதி இல்லை. 800 மீட்டரில் ஏறிக்கொள்ளலாம். நான் 17 விநாடிக்குக் கொஞ்சம் கீழே முடித்தேன், ஹீட்டில், அதாவது என்னோடு சேர்ந்து கிளம்பிய குழுவில் நாலாவது இடம், பயிற்சியில் ஒரு நாளும் வராத நேரம். கத்திவிட்டேன். பக்கத்து லேனில் ஓட்டியவர் முழங்கால் கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் என்னைக் கேட்டால் போட்டியிலேயே கஷ்டமானது மெதுவாக ஓட்டுவதுதான். 15 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள பாதையில் முடிந்தவரை மெதுவாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது, பின்னால் உருளக் கூடாது, குதிக்கக் கூடாது, சக்கரம் 45 டிகிரிக்கு மேல் திரும்பக் கூடாது. நடுவர் குனிந்து டயரையே பார்த்துக்கொண்டு கூடவே நகர்வார். பாதி தூரத்தில் என் கை இரண்டும் காற்றைத் துழாவ ஆரம்பித்துவிட்டன, ஆனாலும் கடைசிவரை போய்ச் சேர்ந்தேன். என் பிரிவில் முக்கால்வாசிப் பேர் தகுதி இழந்து வெளியேற, மூன்றாவது இடம் எனக்கு! பதக்கம் மேஜை மேல் இருக்கிறது, எழுதும்போதே நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

வரிசை எங்கேயோ போய்விட்டது, சாப்பாட்டை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை இருந்த இடைவெளியில் மாநிலச் சட்டமன்றம் இருக்கும் கேபிடல் கட்டடத்தைச் சுற்றி நடக்கும் விவசாயிகள் சந்தைக்கு ஓடினேன். நம் கோயிலில் வலம் வருவோமே, இங்கே எல்லோரும் அதற்கு நேர் எதிராக இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். விளைவித்தவர்களே நின்று விற்கும் சந்தை அது. அன்றன்றைக்குச் செய்த சீஸ் கர்ட்ஸை, அதாவது சின்னச் சின்னப் புதுச் சீஸ் துண்டுகளைக் கடித்தால் பல்லுக்கு நடுவில் கீச்சென்று சத்தம் வருகிறது. அப்புறம் ஒரு கடையில் காரச் சீஸ் ரொட்டி, அடுப்பிலிருந்து இறங்கியதும் கையில் கொடுத்தார்கள். பிய்த்தால் சீஸ் நூல் நூலாக இழுபட்டு வருகிறது, மிளகாய்த் தூள் நாக்கில் சுரீர் என்கிறது. அமெரிக்கா வந்த நாள் முதல் உறைப்பு என்று சொல்லி எனக்குக் கொடுத்த எதுவும் உறைத்ததில்லை, இது உறைத்தது. இன்னொன்று வாங்கி மைதானத்துக்கும் எடுத்துப் போனேன், பட்ஜெட்டைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை.

போகிறவர்களுக்கு: டிராக்குக்கு முழங்கால் கவசமும் கையுறையும் கட்டாயம், ஷூ லேஸ் தொங்கக் கூடாது. மலைப்பாதைப் போட்டிக்கும் ரோட்டுப் போட்டிக்கும் ஹெல்மெட் வேண்டும். கிராங்க் கழற்றும் கருவியைக் கண்டிப்பாகக் கொண்டு போங்கள். திரும்பி வர பஸ் டிக்கெட் எடுக்காதீர்கள், கடைசி நாள் "சிகாகோ பக்கம் யாராவது போகிறீர்களா" என்று கேட்டதும் நாலு கார் கை தூக்கியது. நான் வந்த வேனில் சக்கரங்கள் கூரை வரை அடுக்கியிருந்தன, என் பங்கு பெட்ரோல் காசு 12 டாலர். பஸ்ஸில் என் பைக்கு மட்டும் வாங்கியதைவிடக் குறைவு.