87 சென்டிமீட்டர்

நாற்பது வயது நிறைந்த பிறகு வந்த முதல் வருடாந்திர உடல்நலப் பரிசோதனையில், டோக்கியோவில் என் அலுவலகத்துக்கு வந்திருந்த செவிலியர் ஒருவர், என் தொப்புளுக்கு நேராக அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் 87 என்று எழுதிக்கொண்டார். திருச்சியில் இந்த இடுப்பளவை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் ஊர் போய் இறங்கியதும் அத்தை சொல்லும் முதல் வாக்கியமே "என்னடா, இப்படித் துரும்பா இளைச்சுப் போயிட்ட" என்பதுதான். ஜப்பானில் அந்த இடுப்பளவுக்கு ஒரு பெயர் இருந்தது. 'மெட்டாபோ' என்றார்கள். வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுப்பைக் குறிக்கும் மருத்துவச் சொல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, சக ஊழியர்கள் ஒருவர் தொப்பையை ஒருவர் கேலி செய்வதற்கும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டு அமைப்பு ஆண்டுதோறும் இடுப்பளவையும் சேர்த்துப் பரிசோதனை நடத்த வேண்டும். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டியவருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றிலாவது கோளாறு இருந்தால், சில மாதங்களுக்கு ஆலோசனை வழங்கப்படும். ஜப்பானில் குண்டாக இருப்பது சட்டப்படி குற்றம் என்றும், அபராதம் உண்டு என்றும் நம் குடும்பக் குழுக்களில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. தனி மனிதருக்கு எந்த அபராதமும் கிடையாது. பரிசோதனையிலும் ஆலோசனையிலும் பின்தங்கும் காப்பீட்டு அமைப்புதான் முதியோர் மருத்துவ நிதிக்குக் கூடுதலாகப் பணம் கட்ட நேரிடும். உலகின் பிற பகுதிகளில் பெண்ணுக்கான எல்லை ஆணுடையதைவிடக் குறைவாக இருக்க, இங்கே மட்டும் கூடுதலாக இருப்பது ஏன் என்று இங்குள்ள மருத்துவர்களே விவாதித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஜப்பானியர்களின் உடலை இந்தச் சட்டம் செதுக்கவில்லை. 2008-க்கு வெகு காலம் முன்பே அவர்கள் மெலிந்துதான் இருந்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்கள் அமெரிக்கப் பெரியவர்களில் நூற்றுக்கு 40-க்கும் மேல். ஜப்பானில் நான்கோ ஐந்தோதான். ஜப்பானிய மருத்துவர்கள் 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று கணக்கெடுக்கிறார்கள், அந்தக் கணக்கில் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சிக்குகிறார் என்பது வேறு விஷயம். ஆசிய உடல்களுக்கு 23-இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொன்னது நமக்கும் பொருந்தும்.

இது அவர்களுடைய பரம்பரை உடல்வாகு என்று சொல்பவர்களிடம் நான் ஒரு பழைய ஆய்வைக் குறிப்பிடுவேன். 1965 வாக்கில் தொடங்கிய அந்த ஆய்வு, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வாழ்ந்த ஆண்களை, ஹவாயிலும் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் குடியேறி வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களோடு ஒப்பிட்டது. ஒரே மரபில் வந்தவர்களாக இருந்தும், இதய நோய் ஜப்பானில் மிகக் குறைவாகவும், ஹவாயில் அதைவிட அதிகமாகவும், கலிபோர்னியாவில் எல்லாவற்றிலும் அதிகமாகவும் இருந்தது. கடல் தாண்டியபோது மாறியது அவர்கள் தட்டும் அன்றாட வாழ்வும்தான்.

என் அன்றாடத்தையே சொல்கிறேன். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷி-கசாய் பகுதியில் எங்கள் வீடு. வீட்டிலிருந்து நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை, தோசாய் தடத்தில் மூச்சுவிட இடமில்லாத நெரிசலில் நின்றபடி பயணம், ஓத்தேமாச்சியில் தடம் மாறுவதற்குத் தரைக்கடியில் முடிவில்லாத நடை, பிறகு படிகள். நான் உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை, ஆனாலும் அலுவலக நாளில் எண்ணாயிரம் அடிகளுக்குக் குறையாமல் கைபேசி காட்டுகிறது. கார் வாங்கலாமே என்றால், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெறாமல் காரைப் பதிவு செய்ய முடியாது. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் அது. இரவில் தெருவோரம் நிறுத்திவைக்கவும் முடியாது. மாத வாடகைக்கு நிறுத்துமிடம் பிடிப்பதற்குள் ரயிலே மேல் என்று தோன்றிவிடும். போக்குவரத்துக்காக எழுதிய இந்த விதி, யாரும் நினைக்காமலேயே ஒரு நகரத்தை நடக்க வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் எண்கூட இங்கே பிறந்ததுதான். டோக்கியோ ஒலிம்பிக்கின் சூடு ஆறுவதற்குள், 1965-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருள்படும் பெயரில் அடி எண்ணும் கருவியை விற்கத் தொடங்கியது. மருத்துவ ஆய்வு எதுவும் அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. விற்பனைப் பெயர் பிறகு மருத்துவ அறிவுரையாகிவிட்டது. காலை ஆறரை மணிக்கு வானொலி இசைக்குப் பூங்காக்களில் முதியவர்கள் கைகால் அசைக்கும் வானொலிப் பயிற்சியையும் வெளிநாட்டவர்கள் வியந்து எழுதுகிறார்கள். 1928-இல், அஞ்சலகங்கள் ஆயுள் காப்பீடு விற்ற காலத்தில், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வானொலி நிகழ்ச்சியைப் பார்த்துத் தொடங்கியது அது. மூன்று நிமிடப் பயிற்சியில் கரையும் கொழுப்பு ஒரு பிஸ்கட்டுக்குக் காணாது. கிழவர்களைக் காலையில் வீட்டைவிட்டு வெளியே வரவழைப்பதுதான் அதனுடைய உண்மையான பயன்.

நடையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது என் மகளின் பள்ளிச் சாப்பாடு. பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, சமையலறையிலிருந்து பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு வந்து, வகுப்புத் தோழர்களுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதையே சாப்பிடுகிறார். மாதத் தொடக்கத்தில் வீட்டுக்கு வரும் பட்டியலில் ஒவ்வொரு நாளும் எந்தக் காய், எந்த மீன், எத்தனை கலோரி என்று அச்சிட்டிருக்கும்; எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சுமார் 650 கலோரி என்பது கணக்கு. பன்றி இறைச்சி சாப்பிடாத எங்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு தலைவலி. எந்தெந்த நாளில் பன்றி இறைச்சி வருகிறது என்று வட்டமிட்டு, அந்த நாள்களில் மட்டும் என் மனைவி டப்பா கட்டிக் கொடுக்கிறாள். இருந்தும், வீட்டில் பீன்ஸ் பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய அதே பெண், மூன்றாம் வகுப்பில் கடற்பாசியையும் முள்ளங்கியையும் கேட்டு வாங்கித் தின்றாள். எல்லாரும் தின்கிறார்கள், அதனால் தானும் தின்கிறேன் என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை.

இந்தச் சாப்பாடு 1889-இல் யாமகத்தா மாநிலத்தின் சுருவோகா ஊரில், கோயிலில் நடந்த ஒரு பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்ததில் தொடங்கியது. போருக்குப் பின் அமெரிக்க உதவியாக வந்த பால்மாவும் ரொட்டியும் தட்டை நிரப்பின. 1954-இல் தனிச் சட்டம் வந்தது. 1976-இல்தான் சோறு முறைப்படி பள்ளித் தட்டுக்குத் திரும்பியது. 2005-இல் உணவுக் கல்விக்கென்றே ஓர் அடிப்படைச் சட்டம் எழுதி, பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடத்தையும் உருவாக்கினார்கள். பள்ளியில் சோறு போடுவதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் திட்டம் பசியை விரட்டப் பிறந்து, அதில் வென்றது. ஜப்பான் பசி தீர்ந்த பிறகும் அந்த அடுப்பை அணைக்காமல், நாக்கைப் பழக்கும் வேலைக்கு அதைத் திருப்பிக்கொண்டது.

தெருமுனைக்குத் தெருமுனை நிற்கும் தானியங்கிப் பெட்டிகளிலும் இதே கதைதான். அவற்றில் பாதி வரிசை சர்க்கரை இல்லாத பச்சைத் தேநீர், பார்லி நீர், தண்ணீர். நாங்கள் ஊரில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிக் குடித்த தேநீரிலும் ஒன்றரைத் தேக்கரண்டி இருந்தது என்பதை இங்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜப்பானை ஆரோக்கியத்தின் கோயில் என்று நினைத்துவிட வேண்டாம். இருபதுகளில் உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தேவைக்கும் குறைவான எடையோடு இருக்கிறார்கள். சோயா சாறு, மிசோ என்னும் புளித்த சோயா விழுது, ஊறுகாய் என்று உப்பு எல்லா வழியிலும் உள்ளே போகிறது. 1951 முதல் 1980 வரை இந்நாட்டின் முதல் உயிர்க்கொல்லி பக்கவாதம்தான். குளிர்காலம் முழுவதும் உப்பில் ஊறிய காய்களை நம்பி வாழ்ந்த மலைநாடான நகானோவில், 1980களில் உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் இல்லத்தரசிகள், வீடு வீடாகச் சென்று மிசோ சூப்பில் உப்பு அளக்கும் கருவியை நனைத்துப் பார்த்தார்கள். 1990-இல் ஆண்களின் ஆயுளிலும் 2010-இல் பெண்களின் ஆயுளிலும் அந்த மாநிலம் முதலிடத்தைப் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெண் அடுப்படிக்கு வந்து சொன்ன சொல்லுக்கு இருந்த வலிமை, அரசுச் சுவரொட்டிக்கு இருந்திருக்காது.

அதே காலத்தில் எதிர்த்திசையில் நடந்தது ஒக்கினாவா. வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிரம்பியதும் எழுந்துவிடு என்ற சொலவடையையும், சோறே மருந்து என்ற சொலவடையையும் மேற்கத்தியப் புத்தகங்களுக்கு ஏற்றுமதி செய்த தீவு அது. போருக்கு முந்தைய ஒக்கினாவா உழவர் உண்டதில் பாதிக்கும் மேற்பட்ட கலோரி சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது. பன்றி இறைச்சி விழாக்காலத்துக்கு மட்டும். 1945 போரில் தீவு தரைமட்டமானது. 1972 வரை அமெரிக்க ஆட்சி. படைத்தளங்களிலிருந்து டப்பா இறைச்சி அடுப்படிக்கு வந்தது. மெக்டொனால்ட்ஸ் டோக்கியோவின் கின்சாவில் கடை திறந்தது 1971-இல். ஒக்கினாவாவிலோ 1963-லேயே ஓர் அமெரிக்க பர்கர் கடை, காரில் இருந்தபடியே சாப்பிடும் வசதியோடு, வந்துவிட்டது. நான் போனபோது, நள்ளிரவில் குடித்து முடித்தவர்கள் கடைசியாக ஒரு மாட்டிறைச்சித் துண்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன். அங்கே அது வழக்கம்.

உணவைப் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று, ஒக்கினாவாவின் ரயில். 1914-இல் தொடங்கிய சிறுபாதை ரயில் போரில் அழிந்தது, மீண்டும் கட்டப்படவில்லை. 2003-இல் நாஹா நகருக்குள் ஒற்றைத் தண்டவாள ரயில் வரும் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீவில் ரயிலே இல்லை. விளைவாக, கடைக்கும் பள்ளிக்கும் பக்கத்துத் தெருவுக்கும் கார். 1985-இல் ஆயுளில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஒக்கினாவா ஆண்கள், 2000-இல் 47 மாநிலங்களில் 26-ஆம் இடத்துக்கு விழுந்தார்கள். '26 அதிர்ச்சி' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 2020 கணக்கில் அவர்கள் இடம் 43. கிழங்கு தின்று வளர்ந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் இன்னும் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருக்க, அவர்களுடைய பிள்ளைகள் நடுவயதிலேயே இறந்துகொண்டிருந்ததுதான் அந்த எண்ணுக்குள் இருக்கும் கதை. எட்டுப் பங்கு வயிறு என்ற சொலவடை அப்போதும் எல்லார் வாயிலும் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். இரத்தத்தில் கொழுப்பும் சற்றுக் கூடியிருந்ததால், காப்பீட்டு அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் காணொளியில் வந்து ஆலோசனை சொன்னார். மிகப் பணிவானவர், ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற ஒப்புக்கொள்ளுங்கள் போதும் என்றார். இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைப்பதாக எழுதிக் கொடுத்தேன். நடப்பதைக் கண்காணிக்கக் கைபேசியின் அடி எண்ணிக்கையை அவரும் பார்க்கும்படி இணைத்தார்கள்.

இடையில் பொங்கலை ஒட்டி மூன்று வாரம் திருச்சி போய்வந்தேன். தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர், மலைக்கோட்டைக்கு ஆட்டோ, மாலையில் எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் காபியோடு ஒரு தட்டு மிக்சர். திரும்பி வந்தபோது மூன்று கிலோ கூடியிருந்தேன். அடுத்த சந்திப்பில் அந்த அம்மையார் திரையில் என் வரைபடத்தைத் திறந்தார். டிசம்பர் முழுவதும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று நின்ற கோடு, ஜனவரியில் திடீரென்று இரண்டாயிரத்தில் படுத்துக் கிடந்தது. அவர் சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அந்த மூன்று வாரமும் உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா?" என்று கேட்டார்.

சொந்த ஊருக்குப் போயிருந்தேன் என்றேன்.